பழைய அமெரிக்க வானொலி நாடகங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

1930-களின் தொடக்கத்திலிருந்து 1962 வரை அமெரிக்க வானொலிகளில் ஒலித்த நாடகங்கள், நகைச்சுவைத் தொடர்கள், துப்பறியும் கதைகள் என்று பல்லாயிரம் எபிசோடுகள் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. புதிதாக வருபவரைத் திணறடிப்பதும் இந்த எண்ணிக்கைதான். பலர் 1938-இல் வந்த, செவ்வாய்க் கிரகத்தார் பூமியைத் தாக்கும் கதையான 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' நாடகத்தை முதலில் எடுப்பார்கள், ஏனென்றால் கேள்விப்பட்ட பெயர் அது ஒன்றுதான். பாதியில் அலுத்துப்போய், "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று விட்டுவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த நாடகத்தின் சூட்சுமம் பிடிபட, அக்கால வானொலி எப்படி ஒலித்தது என்று கொஞ்சமாவது பழகியிருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒரே விதி. திகில், துப்பறியும் நாடகங்களை எங்கிருந்து வேண்டுமானாலும், எந்த வரிசையிலும் கேட்கலாம். நகைச்சுவைத் தொடரை அப்படிக் கேட்டால் சிரிப்பு வராது. அதை வாரம் தவறாமல், வரிசையாகத்தான் கேட்க வேண்டும். அதனால் முதலில் திகில், அப்புறம் நகைச்சுவை, பெயர்பெற்ற பெரிய நாடகங்கள் எல்லாம் கடைசியில்.

முதல் படி: தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம் வரலாறு

அதிகம் வேண்டாம். என்பிசி, சிபிஎஸ், மியூச்சுவல் என்று நாடு தழுவிய ஒலிபரப்பு நிறுவனங்கள் இருந்தன. என்பிசி மட்டும் ரெட், ப்ளூ என்று இரண்டு கிளைகளை நடத்தியது. அரசு நெருக்கியதால் 1943-இல் ப்ளூவை விற்றது. அதுதான் பிறகு ஏபிசி ஆனது.

பல நிகழ்ச்சிகளின் உண்மையான முதலாளி ஒலிபரப்பு நிறுவனம்கூட இல்லை, விளம்பரம் கொடுத்த கம்பெனி. சோப்பு கம்பெனியும் சிகரெட் கம்பெனியும் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பர ஏஜென்சி மூலம் நிகழ்ச்சியைத் தயாரித்தன. பகல் நேரத்தில் இல்லத்தரசிகளுக்காக வந்த 15 நிமிடத் தொடர்களுக்கு சோப்பு கம்பெனிகள் பணம் போட்டதால்தான் அவற்றுக்கு 'சோப் ஆப்பரா' என்ற பெயரே வந்தது.

இன்னொன்று, இவை பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. பதிவுசெய்து ஒலிபரப்புவதைப் பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. நியூயார்க்கில் இரவு எட்டு மணி என்றால் கலிபோர்னியாவில் மாலை ஐந்து. அதனால் பல குழுக்கள் ஒரே நாடகத்தைக் கிழக்குக் கரைக்கு ஒரு தடவை, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கு இன்னொரு தடவை என்று நடித்தன. இந்தக் கட்டுப்பாட்டை முதலில் உடைத்தவர் பாடகர் பிங் கிராஸ்பி. 1946-இல் தன் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவுசெய்து ஏபிசியில் ஒலிபரப்பினார், அடுத்த வருடம் காந்த நாடாவுக்கு மாறினார்.

நேரடி ஒலிபரப்பு என்றால் நம் கைக்கு எப்படி வந்தது? விளம்பரதாரருக்குக் காட்டவும் கோப்பில் வைக்கவும் 16 அங்குல விட்டமுள்ள பெரிய இசைத்தட்டுகளில் பிரதி எடுத்தார்கள். அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் என்ற வார்னிஷ் பூசிய தட்டுகள். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியின்மேல் பூசினார்கள். கீழே விழுந்தால் ஒரு நாடகமே போச்சு. நாம் கேட்பது அப்படித் தப்பிப் பிழைத்தவற்றை. ஒரு தொடரில் சில வருடங்கள் முழுசாகவும் சில வருடங்கள் சுத்தமாக இல்லாமலும் இருப்பது இதனால்தான்.

வரலாறு இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: நல்ல பதிவைத் தேர்ந்தெடுப்பது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம்தான் பெரிய சுரங்கம். அங்கே ஒரே நாடகம் பத்து இடத்தில் கிடக்கும், தரமோ ஆளுக்கு ஒரு மாதிரி. ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் என்ற ஆர்வலர் குழு தொகுத்து வைத்திருப்பவற்றை முதலில் தேடுங்கள். தேதியைச் சரிபார்த்து, எபிசோடுகளை வரிசைப்படுத்தி, இருப்பதில் நல்ல பிரதியைப் போட்டிருப்பார்கள். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். நகைச்சுவைக்கு வரும்போது அந்தத் தேதி தங்கம்.

பதிவைத் திறந்ததும் நீளத்தைப் பாருங்கள். அரைமணி நிகழ்ச்சி ஏறக்குறைய இருபத்தொன்பதரை நிமிடம் ஓட வேண்டும். இருபத்தைந்துதான் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். தட்டிலிருந்து மாற்றும்போது வேகம் கூடியிருக்கும். அப்படியானால் எல்லோருடைய குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், இசையின் சுருதியும் ஏறியிருக்கும். குரல் சரியாக இருந்தும் நீளம் குறைந்தால், விளம்பரத்தை வெட்டிய பிரதி. அது பெரும்பாலும் ராணுவத்துக்காகப் போனது. 1942-இல் தொடங்கிய ராணுவ வானொலிச் சேவை, கடல் கடந்து போரிட்ட வீரர்களுக்காகப் பிரபல நிகழ்ச்சிகளின் விளம்பரங்களை நீக்கித் தட்டுகளாக அனுப்பியது. அந்தப் புண்ணியத்தில் பிழைத்த எபிசோடுகள் நிறைய. முழுப் பிரதி இருந்தால் அதையே எடுங்கள். விளம்பரத்தை ஏன் கேட்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கேட்பது ஹெட்போனில். கம்ப்யூட்டரோடு வரும் சின்ன ஸ்பீக்கரில் பழைய தட்டின் இரைச்சல்தான் முன்னால் நிற்கும். வேகத்தைக் கூட்டும் பொத்தானைத் தொடாதீர்கள். பாட்காஸ்ட் கேட்டுப் பழகிய விரல் அங்கேதான் போகும். ஆனால் இந்த நாடகங்களில் இடைவெளியும் வசனத்துக்குச் சமம். ஒன்றரை மடங்கு வேகத்தில் அது காணாமல் போய்விடும்.

உச்சரிப்பு பற்றிப் பயப்பட வேண்டாம். படம் இல்லாமல் எல்லாவற்றையும் குரலால் மட்டுமே புரியவைக்க வேண்டிய தொழில் என்பதால், இந்த நடிகர்களின் ஆங்கிலம் இன்றைய அமெரிக்கத் தொடர்களைவிடத் தெளிவு. முதல் ஐந்து நிமிடம் கதாபாத்திரங்களின் பெயர் குழப்பும். அதைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

இலவசமாகக் கிடைப்பதால் யாருக்கும் உரிமை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1947 முதல் 1956 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கச் சட்டம் 110 வருடப் பாதுகாப்பு தருகிறது. நீங்கள் கேட்பதற்கு ஒரு தடையும் வராது. உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றுவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மூன்றாம் படி: முதல் மூன்று இரவுகள்

முதல் இரவு, சிபிஎஸ்ஸின் 'சஸ்பென்ஸ்' தொடரில் 1943 மே 25 அன்று வந்த 'சாரி, ராங் நம்பர்'. எழுதியவர் லூசில் ஃபிளெட்சர், நடித்தவர் அக்னஸ் மூர்ஹெட். படுக்கையிலேயே கிடக்கும் ஒரு பெண், கணவனின் அலுவலகத்துக்குப் போன் போடுகிறாள். லைன் மாறி, இரண்டு ஆண்கள் ஒரு கொலைக்குத் திட்டம் போடுவது காதில் விழுகிறது. அதன்பின் அரைமணி நேரமும் அவளும் டெலிபோனும்தான். ஆபரேட்டர், போலீஸ், மறுபடி ஆபரேட்டர். ஒருவரும் நம்பவில்லை. அவளைப் பார்த்தால் நமக்கும் எரிச்சல்தான் வருகிறது, அவ்வளவு நச்சரிப்பு. அனுதாபமே வராத ஒரு பெண்ணுக்காக நம்மைப் பதற வைப்பதுதான் மூர்ஹெட்டின் சாமர்த்தியம். முதல் முறை ஒலிபரப்பானபோது கடைசி நிமிடத்தில் ஒரு நடிகர் தன் வசனத்துக்கான சைகையைத் தவறவிட்டார். முடிவு புரியாமல் கேட்டவர்கள் குழம்பினார்கள். நேரடி ஒலிபரப்பு என்றால் அப்படித்தான். மூர்ஹெட் அதே பாத்திரத்தைப் பிறகு பல தடவை செய்தார். பிந்தைய பிரதி கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் இரவு 'எஸ்கேப்' தொடரின் 'த்ரீ ஸ்கெலிட்டன் கீ', 1950 மார்ச்சில் வின்சென்ட் பிரைஸ் நடித்தது. பிரெஞ்சு கயானா கரைக்கு அப்பால் ஒரு பாறை, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம், உள்ளே மூன்று பேர். ஆளில்லாத கப்பல் ஒன்று மிதந்து வந்து மோதுகிறது. அதிலிருந்து இறங்குவது எலிகள். கதை அவ்வளவுதான். விளக்கறையின் கண்ணாடிக்கு வெளியே ஆயிரக்கணக்கான எலிகள் அப்பிக்கொண்டிருப்பதை, படமே இல்லாத ஒரு ஊடகம் எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். சினிமாவில் இதை எடுத்திருந்தால் எலியின் எண்ணிக்கைக்குப் பட்ஜெட் போட்டிருப்பார்கள். இங்கே எண்ணிக்கையை நம் மனசு போட்டுக்கொள்கிறது.

மூன்றாம் இரவுக்கு இரண்டு தேர்வு. லூசில் ஃபிளெட்சரின் இன்னொரு நாடகமான 'த ஹிட்ச்-ஹைக்கர்': ப்ரூக்ளினிலிருந்து கலிபோர்னியாவுக்குக் காரில் போகும் ஒருவன், வழியெங்கும் லிஃப்ட் கேட்டு நிற்கும் அதே மனிதனைப் பார்க்கிறான். நடிப்பு ஆர்சன் வெல்ஸ், இசை பெர்னார்ட் ஹெர்மன். ஹெர்மன் அப்போது ஃபிளெட்சரின் கணவர். பயம் கொஞ்சம் அதிகமாக வேண்டும் என்றால் 1946 டிசம்பரில் 'சஸ்பென்ஸி'ல் வந்த 'த ஹவுஸ் இன் சைப்ரஸ் கேன்யன்'. பூட்டிய அலமாரி, இரவில் ஊளை. என் வாக்கு இரண்டாவதற்கு. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கலாம், ஆனால் தனியாக இருக்கும்போது வேண்டாம்.

இந்த மூன்றும் பிடிக்கவில்லை என்றால் இந்தக் கலையே உங்களுக்கானது இல்லை போலிருக்கிறது. நான்காம் படிக்குப் போக வேண்டாம்.

நான்காம் படி: ஒரு தொடரோடு தங்குவது

தனி நாடகங்கள் பிடித்துவிட்டன என்றால் அடுத்தது, ஒரே பாத்திரங்கள் வாராவாரம் வரும் ஒரு தொடர். துப்பறியும் வகையில் நூறு இருக்கின்றன. ஜாக் வெப்பின் 'டிராக்நெட்' 1949-இல் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் அன்றாட வேலையை, காபி குடிக்கும் நேரம் உட்பட, அலங்காரமில்லாமல் சொன்னது. 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' இன்சூரன்ஸ் மோசடிகளை விசாரிக்கும் ஒருவனின் கதை. கம்பெனிக்கு அனுப்பும் செலவுக் கணக்காகவே கதை நகரும். டாக்சி இவ்வளவு, ஹோட்டல் இவ்வளவு, நடுவில் ஒரு பிணம். அதில் 1955 அக்டோபரில் தொடங்கிய பாப் பெய்லி காலத்தை எடுங்கள். ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை 15 நிமிடத் துண்டுகளாகச் சொன்னார்கள். பஸ்ஸில் போகும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் 'கன்ஸ்மோக்'. 1952 ஏப்ரல் முதல் 1961 வரை சிபிஎஸ்ஸில் 400-க்கும் மேற்பட்ட எபிசோடுகள். கௌபாய் கதை என்றால் குழந்தைகளுக்கானது என்று இருந்த காலத்தில், தயாரிப்பாளர்-இயக்குநர் நார்மன் மெக்டானலும் எழுத்தாளர் ஜான் மெஸ்டனும் பெரியவர்களுக்காக ஒன்றைச் செய்தார்கள். கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி, அங்கே மார்ஷல் மேட் டில்லன். குரல் வில்லியம் கான்ராட். டில்லன் எல்லாத் தடவையும் ஜெயிப்பதில்லை. சில எபிசோடுகளில் அவர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கொன்றபின் கை கழுவிக்கொண்டு சிரிக்கும் ஹீரோ இவர் இல்லை; அலுப்பும் கசப்பும் குரலிலேயே தேங்கியிருக்கும்.

இதில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியது ஒலிக் கலைஞர்களின் வேலை. டாம் ஹான்லியும் ரே கெம்பரும் முக்கியமானவர்கள். மற்ற தொடர்களில் ஒருவர் கதவைத் திறந்தால் கதவுச் சத்தம் வரும், உடனே வசனம் தொடங்கிவிடும். இங்கே டில்லன் நாற்காலியிலிருந்து எழுவார், மரத்தரையில் நடப்பார், கதவு திறக்கும், வெளியே தெருவின் காற்றும் தூரத்தில் ஒரு நாயும் கேட்கும், பலகை நடைபாதையில் காலடி தொடரும். அத்தனை நேரமும் ஒருவரும் பேச மாட்டார்கள். விநாடிக்குக் காசு வாங்கும் வானொலியில் இவ்வளவு மௌனத்துக்குத் துணிந்தது பெரிய விஷயம். தொடங்க 1952 கடைசியில் வந்த 'த கேபின்' நல்லது. பனிப்புயலில் டில்லன் ஒரு குடிசையில் ஒதுங்குகிறார். உள்ளே இரண்டு கொலைகாரர்கள், அவர்களிடம் சிக்கிய ஒரு பெண். பெண்ணுக்கு நேர்ந்ததை நாடகம் நேரடியாகச் சொல்லாது. அவள் பேசும் விதத்திலிருந்தே புரிந்துவிடும். மனம் கனக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1955-இல் இது டிவிக்குப் போனபோது ஆறடி ஏழங்குல ஜேம்ஸ் ஆர்னஸ் டில்லன் ஆனார். கான்ராடுக்கு அந்தக் குரல் இருந்தது, அந்த உடம்பு இல்லை. வானொலியின் டில்லனைக் கேட்டுப் பழகியவர்களுக்கு டிவியில் பார்ப்பவர் யாரோ ஒருவர்.

ஐந்தாம் படி: நகைச்சுவை, வரிசையாக

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். "ஜாக் பென்னியின் சிறந்த பத்து" என்று ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு கேட்பார்கள். அரங்கமே அதிர்ந்து சிரிக்கும், நமக்கு ஒன்றும் இருக்காது.

புகழ்பெற்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1948 மார்ச் 28. ஜாக் பென்னி இரவில் நடந்து வருகிறார். ஒரு திருடன் மறிக்கிறான்: பணமா, உயிரா? பென்னி பேசவில்லை. மௌனம் நீள்கிறது, அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. திருடன் பொறுமை இழந்து மறுபடி கேட்கிறான். "யோசிச்சுக்கிட்டுதானே இருக்கேன்!" என்கிறார் பென்னி. தனியாக எடுத்துச் சொன்னால் இது ஒரு சுமாரான கஞ்சன் ஜோக். அரங்கம் சிரித்தது வசனத்துக்கு முன்னால், அந்த மௌனத்துக்கு. ஏனென்றால் 1932 முதல் இந்த மனிதனின் கஞ்சத்தனத்தை வாராவாரம் கேட்டவர்கள் அவர்கள். வீட்டுக்கு அடியில் காவலாளியோடு ஒரு பணப் பெட்டகம், மாற்ற மனசு வராமல் ஓட்டும் ஓட்டை மேக்ஸ்வெல் கார், வருடம் போனாலும் ஏறாத வயசு என்று எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் செய்ய வேண்டியது இது. 1947 அக்டோபரில் தொடங்கும் சீசனை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, அவசரம் என்றால் நாளைக்கு ஒன்று. முதல் நான்கைந்து எபிசோடுகளில் சிரிப்பு வராவிட்டாலும் விடாதீர்கள். அது அறிமுகக் காலம். ஆட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிண்டலுக்கென்றே வரும் மேரி லிவிங்ஸ்டன் (நிஜத்தில் பென்னியின் மனைவி), அறிவிப்பாளர் டான் வில்சன், குடிகாரராக நடிக்கும் இசைக்குழுத் தலைவர் ஃபில் ஹாரிஸ், வெகுளிப் பாடகர் டென்னிஸ் டே, வேலைக்காரர் ராச்செஸ்டராக எடி ஆண்டர்சன். எல்லோரும் சேர்ந்து முதலாளியைப் பிய்த்து எடுப்பார்கள். நிகழ்ச்சி பென்னியின் பெயரில், நல்ல வசனங்களெல்லாம் மற்றவர்களுக்கு. இந்தத் தாராளம் அந்தக் 'கஞ்சனு'டையது.

குரல் கலைஞர் மெல் பிளாங்க் வரும்போது கவனியுங்கள். அந்த மேக்ஸ்வெல் கார் இருமிச் செத்துப் பிழைக்கும் சத்தம் எந்திரத்தினுடையது இல்லை, அவர் வாயிலிருந்து வருவது. ரயில் நிலைய அறிவிப்பாளராகவும் அவரே வந்து அனஹைம், அஸூசா, குக்கமங்கா என்று ஊர்ப் பெயர்களைக் கத்துவார். கடைசிப் பெயரின் 'குக்'குக்கும் 'அமங்கா'வுக்கும் நடுவில் இடைவெளி வாராவாரம் நீண்டுகொண்டே போகும். இதில் ஜோக் எங்கே என்று முதல் தடவை தோன்றும். ஐந்தாம் தடவை, இடைவெளி தொடங்கும்போதே சிரித்துவிடுவீர்கள். வரிசையாகக் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

அப்படி மார்ச் வந்து சேரும்போது இன்னொரு லாபம் உண்டு. பென்னியின் பக்கத்து வீட்டுக்காரராக, அவரைக் கண்டாலே ஒளியும் ஆங்கில நடிகர் ரொனால்ட் கோல்மன் அவ்வப்போது வருவார். நிஜ வாழ்க்கையில் கோல்மன் அந்த மார்ச் 20 அன்று ஆஸ்கர் வாங்கினார். எட்டு நாள் கழித்து வந்த எபிசோடில் பென்னி அந்தச் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு வரும் வழியில்தான் திருடன் மறிக்கிறான். பணம் போவதுகூட இரண்டாம் பட்சம், ஆஸ்கரும் போகிறது. அதை எப்படிச் சமாளிப்பது என்று அடுத்த வாரங்களும் கதை ஓடும். பட்டியலிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கேட்டவருக்கு இதெல்லாம் கிடைக்காது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 'அவர் மிஸ் ப்ரூக்ஸ்' பள்ளிக்கூடக் கதை. ஈவ் ஆர்டன் ஆங்கில ஆசிரியை, கேல் கார்டன் கத்தும் தலைமையாசிரியர். நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். லூசில் பாலின் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' கேட்டால், 1951-இல் டிவிக்கு வந்த அவருடைய 'ஐ லவ் லூசி' எங்கிருந்து முளைத்தது என்று தெரியும். 'ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி'யில் அலமாரியைத் திறந்தால் வீட்டுச் சாமான் எல்லாம் சரிந்து விழும் சத்தம் புகழ்பெற்றது; ஆனால் டான் க்வின்னின் வசனம் முழுக்கச் சிலேடை, ஆங்கிலச் சிலேடையில் பழக்கம் இல்லாவிட்டால் பாதி நழுவிவிடும். நகைச்சுவையாளர் ஃபிரெட் ஆலனைக் கடைசிக்கு வையுங்கள். புத்திசாலிதான், ஆனால் அந்த வாரத்துச் செய்தித்தாளைப் படித்தவர்களுக்காக எழுதினார். பென்னியும் அவரும் போட்ட பொய்ச் சண்டை எபிசோடுகள் மட்டும் விதிவிலக்கு.

ஆறாம் படி: விளம்பரத்தையும் அசிங்கத்தையும் கேட்பது

விளம்பரத்தைத் தாண்டிப் போகாதீர்கள் என்றேன். காரணம், பல நிகழ்ச்சிகளில் அதுவும் நாடகத்துக்குள்ளேயே வரும். ஃபிப்பர் வீட்டுக்கு நண்பராக வரும் ஹார்லோ வில்காக்ஸ், எந்தப் பேச்சை எடுத்தாலும் ஜான்சன் மெழுகில் கொண்டுபோய் முடிப்பார்; வீட்டார் அதற்காகவே அவரைக் கேலி செய்வார்கள். அதே வில்காக்ஸ் பிறகு 'சஸ்பென்ஸி'ல் ஆட்டோலைட் கம்பெனியின் ஸ்பார்க் பிளக்கை விற்றார், கொலைக்கு நடுவில். பென்னி நிகழ்ச்சியில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டுக்காக, புகையிலை ஏலம் விடுபவர் மூச்சுவிடாமல் கூவுவார். ஒரு வார்த்தையும் புரியாது, யாருக்கும் புரிந்திருக்காது. நிகழ்ச்சியை யார் காசில் நடத்தினார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

அசிங்கம் என்றது இனத்தை. 1928-இல் சிகாகோவில் தொடங்கி நாட்டையே கட்டிப்போட்ட 'ஏமஸ் அண்ட் ஆண்டி'யில் கறுப்பர்களாகப் பேசி நடித்தவர்கள் ஃபிரீமன் காஸ்டன், சார்லஸ் கரெல் என்ற இரண்டு வெள்ளையர்கள். 'பியூலா' என்ற கறுப்பின வேலைக்காரிக்கு முதலில் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார ஆண். ஹேட்டி மெக்டானியல் அந்தப் பாத்திரத்துக்கு வந்தது 1947-இல். போர்க்கால நிகழ்ச்சிகளில் ஜப்பானியர்களைப் பேசும் பேச்சு காதில் கேட்க முடியாது. பென்னி நிகழ்ச்சியிலும் ராச்செஸ்டர் பாத்திரத்தின் தொடக்க வருடங்கள் நெருடும். போருக்குப் பின் அந்த மாதிரி ஜோக்குகளை நிறுத்தினார்கள். நான் 1947-ஐத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு மறுபக்கமாக ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் டர்ஹம், 1948 முதல் 1950 வரை சிகாகோவில் 'டெஸ்டினேஷன் ஃப்ரீடம்' என்ற தொடரை எழுதினார். ஒவ்வொரு வாரமும் ஒரு கறுப்பினத் தலைவர், கலைஞர் அல்லது போராளியின் வாழ்க்கை. அதை ஒலிபரப்பியது 'ஏமஸ் அண்ட் ஆண்டி' தொடங்கிய அதே நிலையம்தான்.

ஏழாம் படி: இப்போது 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்'

இவ்வளவு கேட்டபின் 1938 அக்டோபர் 30-க்குத் திரும்பலாம். ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது 23 வயசு. நாடகமாக்கியவர் ஹோவர்ட் காக். முதல் நிமிடங்களில் ஒரு ஹோட்டலிலிருந்து நடன இசை. இசையை நிறுத்தி ஒரு செய்தி. மறுபடி இசை. மறுபடி செய்தி, இந்தத் தடவை நியூஜெர்சியின் க்ரோவர்ஸ் மில் கிராமத்திலிருந்து. முன்பு அலுப்பாகத் தோன்றிய அந்த இசைதான் தந்திரமே: வானொலி வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்த காதுக்கு, எதுவோ கெட்டுப்போகிறது என்று உறைக்கும். நிருபராக நடித்த ஃபிராங்க் ரெடிக், முந்தைய வருடம் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தபோது நேரில் பார்த்த அறிவிப்பாளர் கதறிய பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியவர். அவர் பேச்சு பாதியில் அறுந்து விழும் அந்த மௌனத்தில் கைபேசி செத்துவிட்டதோ என்று பார்க்காதீர்கள்.

நாடகத்தை நிஜச் செய்தி என்று நினைத்து நாடே தெருவுக்கு ஓடியது என்ற கதையை அப்படியே நம்ப வேண்டாம். பயந்தவர்கள் உண்டு. ஆனால் மறுநாள் செய்தித்தாள்கள் அதைப் பல மடங்கு ஊதின. விளம்பர வருமானத்தைப் பறித்துக்கொண்டிருந்த வானொலிமேல் அவற்றுக்கு நல்ல காட்டம். அந்த நேரத்தில் மிக அதிகம் பேர் கேட்டது வேறு நிலையத்தில் எட்கர் பெர்கன் நிகழ்ச்சி. அவர் பொம்மையை வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசும் கலைஞர். அதை வானொலியில் செய்து நாட்டிலேயே முன்னணியில் இருந்தார்!

எட்டாம் படி: இனி உங்கள் ருசிப்படி

சினிமாப் பிரியர் என்றால் 'லக்ஸ் ரேடியோ தியேட்டர்'. நம் ஒலிச்சித்திரம் மாதிரி படத்தின் ஒலியை வெட்டிப் போடவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, நட்சத்திரங்களை வரவழைத்துப் புதிதாக நடிக்க வைத்தார்கள். 1936 முதல் தொகுத்து வழங்கியவர் இயக்குநர் செசில் பி. டெமில். வானொலிக் கலைஞர்கள் சங்கம் கேட்ட ஒரு டாலர் நன்கொடையைக் கொள்கைக்காகக் கொடுக்க மறுத்து, 1945-இல் அந்த வேலையையே இழந்தார்.

அறிவியல் புனைவு பிடிக்கும் என்றால் என்பிசியின் 'எக்ஸ் மைனஸ் ஒன்', 1955 முதல் 1958 வரை. ரே பிராட்பரி கதைகள் நிறைய உண்டு. அவற்றைவிட 'எ லாஜிக் நேம்ட் ஜோ' உங்களை அசத்தும்: வீட்டுக்கு வீடு ஒரு கருவி, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும், கடைசியில் கேட்கக் கூடாததற்கும் சொல்லத் தொடங்குகிறது. மூலக்கதை எழுதப்பட்டது 1946-இல்.

கவிதைக்கும் நாடகத்துக்கும் நடுவில் ஒன்றைக் கேட்க வானொலி எழுத்தாளர் நார்மன் கார்வின். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு எட்டு நாள் கழித்து, 1941 டிசம்பர் 15 அன்று, அவருடைய 'வீ ஹோல்ட் தீஸ் ட்ரூத்ஸ்' நான்கு நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் ஒலித்தது. ஏறக்குறைய ஆறு கோடிப் பேர் கேட்டார்கள். இன்று கேட்டால் சில இடங்களில் பிரசங்கம் போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் அந்தக் கூட்டுக்குரல்களைக் கையாண்ட விதத்துக்காக ஒரு தடவை கேட்கலாம்.

'சஸ்பென்ஸு'ம் 'ஜானி டாலரு'ம் 1962 செப்டம்பர் 30 அன்று ஒரே மாலையில் முடிந்தன. பலர் அந்தத் தேதியோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். எல்லாம் கேட்டு முடித்து இன்னும் பசி இருந்தால், 1974 முதல் 1982 வரை வந்த 'சிபிஎஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர்' இருக்கிறது, 1399 எபிசோடுகள். தயாரித்தவர் ஹைமன் பிரவுன். 1941-இல் 'இன்னர் சாங்டம்' தொடரை ஒரு கதவின் கிரீச்சலோடு தொடங்கி வைத்த அதே ஆள். அந்தக் கிரீச்சலை இதற்கும் கொண்டுவந்துவிட்டார். தரம் ஏறி இறங்கும், அதனால் முதல் வருடத்திலிருந்து எடுங்கள்.